அல்-குஹ்ல் முதல் ஆல்கஹால் வரை: ஒரு சொல்லின் நெடும்பயணம்

'ஆல்கஹால்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வீடுகளில் முகம் சுளிக்காதவர் இல்லை. மது என்பதே அச்சொல்லுக்கு நம் மனம் உடனே தரும் பொருள். ஆயினும் அச்சொல்லை நாள்தோறும் நாம் சந்தித்த வண்ணமே இருக்கிறோம். கை கால் வெடிப்புக்குப் பூசும் களிம்பின் உறையில் அது இருக்கிறது. ஊசி போடுமுன் செவிலியர் தோலைத் துடைக்கும் பஞ்சில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது கடைவாசல் முதல் வழிபாட்டுத் தலங்களின் வாசல் வரை வைக்கப்பட்ட கைத்தூய்மித் திரவத்திலும் அதுவே இருந்தது. 'இதைத் தொடலாமா, பூசலாமா, இதனோடு தொழலாமா?' என்ற கேள்விகள் அப்போது பரவலாக எழுந்தன.

மார்க்கச் சட்டம் சார்ந்த கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஆலிம் பெருமக்கள். அந்தப் பொறுப்பில் நாம் தலையிடப் போவதில்லை. எனினும், ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்பு கேட்குமுன் அந்தப் பொருள் எது என்பதை அறிந்திருப்பது கேட்பவரின் கடமை. 'ஆல்கஹால்' என்பது ஒரே பொருளின் பெயரன்று. அது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் மருந்தும் உண்டு, மெழுகும் உண்டு, இனிப்பும் உண்டு, உயிரைப் பறிக்கும் நஞ்சும் உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமையால் உலகின் பல இடங்களில், நம் தமிழகத்திலும்கூட, மனித உயிர்கள் போயிருக்கின்றன. எனவே இச்சொல்லின் வரலாற்றையும் பொருளையும் சற்று விரிவாகக் காண்போம்.

கண்ணுக்கு இட்ட மை

'அல்-குஹ்ல்' என்பது தூய அரபுச் சொல். கண்ணுக்கு இடும் மை என்பது அதன் பொருள். நம் மக்கள் சுர்மா என்று அழைப்பதும் அதையே. மை இடும் வழக்கம் அரபு மண்ணுக்கு மட்டும் உரியதன்று. பண்டைய எகிப்தியர் ஆண் பெண் பேதமின்றிக் கண்ணுக்கு மை தீட்டினர். அவர்களுடைய கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்டு, பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் மைச் சிமிழ்களை ஆய்ந்த அறிஞர்கள், தம் முடிவுகளை 1999ஆம் ஆண்டு வெளியிட்டனர். கி.மு. 2000க்கும் 1200க்கும் இடைப்பட்ட அந்த மைகளில் ஈயக் கனிமங்கள் மிகுந்திருந்தன. அவற்றுள் சில இயற்கையில் எளிதில் கிடைக்காதவை, மனிதர் செய்முறையால் உண்டாக்கியவை என்றும் அவ்வாய்வு காட்டியது.

அரபுகளிடையே 'இஸ்மித்' என்னும் கல்லை அரைத்துச் செய்த மை உயர்வாகக் கருதப்பட்டது. நபிமொழித் தொகுப்புகளிலும் இஸ்மித் பற்றிய குறிப்புகள் உண்டு. இஸ்மித் என்பது ஆண்டிமனி என்னும் தனிமத்தின் கந்தகச் சேர்மம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. கறுத்து, பளபளப்பாக, எளிதில் உடையும் அக்கல்லை மிக நுண்ணிய தூளாக அரைக்க வேண்டும். ஒரு சிறு துகள் பெரிதாக இருந்தாலும் கண்ணை உறுத்தும் அல்லவா? ஆகவே குஹ்ல் என்றாலே 'மிக மிக நுண்ணிய தூள்' என்ற எண்ணமும் அச்சொல்லுடன் ஒட்டிக்கொண்டது. பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை மறவாமல் மனத்தில் இருத்த வேண்டும்.

அதே வேரிலிருந்து பிறந்த 'கஹ்ஹால்' என்ற சொல், கண் மருத்துவரைக் குறித்தது. பாக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா அல்-கஹ்ஹால் எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்ற கண் மருத்துவ நூல், நூற்றுக்கும் மேற்பட்ட கண் நோய்களை வகைப்படுத்தி விளக்கியது. 11ஆம் நூற்றாண்டில் எகிப்தில் பணியாற்றிய அம்மார் அல்-மவ்ஸிலீ, உள்ளீடற்ற ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். இவ்வாறு கண்ணின் அழகுக்கும் நலத்துக்கும் உரிய சொற்குடும்பமாகவே அது அரபியில் வாழ்ந்தது. மதுவுக்கும் அதற்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை.

தூளிலிருந்து திரவத்திற்கு

12ஆம் நூற்றாண்டு முதல் அரபு நூல்கள் இலத்தீன் மொழியில் பெருமளவில் பெயர்க்கப்பட்டன. வேதியியல் சொற்கள் பல அவ்வழியே ஐரோப்பாவுக்குச் சென்றன. அல்-கீமியா 'அல்கெமி' ஆயிற்று. அல்-கிலீ 'அல்கலி' ஆயிற்று. அல்-இக்ஸீர் 'எலிக்சிர்' ஆயிற்று. வாலையைக் குறிக்கும் அல்-அன்பீக் 'அலம்பிக்' ஆயிற்று. இந்தக் கூட்டத்தோடு அல்-குஹ்லும் 'அல்கோஹோல்' எனப் பயணப்பட்டது.

ஐரோப்பியர் முதலில் அச்சொல்லை அரபுப் பொருளிலேயே வழங்கினர். ஆண்டிமனித் தூள் என்றே அதற்குப் பொருள் கொண்டனர். பிறகு எந்தப் பொருளையும் கைக்குத் தட்டுப்படாத அளவுக்கு நுண்ணியதாக அரைத்தால் அத்தூளை அப்பொருளின் 'ஆல்கஹால்' என்றனர். தூளாக்குதலுக்கே அச்சொல்லிலிருந்து ஒரு வினைச்சொல்லையும் ஆக்கிக்கொண்டனர்.

இவ்விடத்தில்தான் பொருள் திரும்பியது. கல்லின் கரடான பகுதியை நீக்கி நுண்ணிய பகுதியைப் பிரித்தெடுப்பது அரைத்தல். திரவத்தின் கனத்த பகுதியை நீக்கி நுண்ணிய பகுதியைப் பிரித்தெடுப்பது வடித்தல். இரண்டும் ஒரே வகையான செயல் என்று அன்றைய இரசவாதிகள் எண்ணினர். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த மருத்துவர் பாராசெல்சஸ், திராட்சை மதுவை வடித்துப் பெறும் நுண்ணிய பகுதியை 'மதுவின் ஆல்கஹால்' என்று குறித்தார். அதாவது, மதுவின் நுண்சாரம் என்பதே அவர் கருதிய பொருள்.

அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இரு பொருள்களும் அருகருகே வாழ்ந்தன. 1755ஆம் ஆண்டு வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, இச்சொல்லை அரபுச் சொல் என்று குறிப்பிட்டு, மிகவும் தூய்மையாக்கிய மதுச்சாரம் என்றும், தொட்டறிய இயலாத நுண்தூள் என்றும் இரு பொருள்களையும் தந்தது. 1787ஆம் ஆண்டு லவாய்சியரும் அவருடைய தோழர்களும் பிரான்சில் வேதியியலுக்குப் புதிய பெயரிடும் முறையை வகுத்தபோது, அதுவரை 'மதுவின் ஆவி' என்று வழங்கிய திரவத்திற்கு ஆல்கஹால் என்ற பெயரை ஏற்றனர். தூள் என்னும் பழைய பொருள் மெல்ல மறைந்தது.

பின்னர் ஐரோப்பாவிலிருந்து அச்சொல் அரபு நாடுகளுக்கே திரும்பி வந்தது. இன்றைய அரபியில் கண்மைக்கு 'குஹ்ல்' என்றும், வேதியியலின் ஆல்கஹாலுக்குக் 'குஹூல்' என்றும் வழங்குகின்றனர். வீட்டை விட்டுச் சென்ற பிள்ளை பல்லாண்டு கழித்து வேற்று உடையில் திரும்பி வந்ததைப்போல, அச்சொல் தாய்வீட்டிலேயே புதிய விருந்தாளியாக நிற்கிறது.

வடித்தவர் யார், பெயரிட்டவர் யார்?

நம்மவர் வெளியிடும் நூல்களிலும் மலர்களிலும் 'ஆல்கஹாலைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம் விஞ்ஞானியே' என்ற வாசகம் அடிக்கடி இடம்பெறுகிறது. முன்னோரின் பெருமையைப் பேசுவது நல்லதே. ஆனால் பெருமை உண்மையின் மீது நிற்க வேண்டும்.

வடித்தல் என்னும் கலையை அரபு உலகின் அறிஞர்கள் பெரிதும் வளர்த்தனர் என்பதில் ஐயமில்லை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தீயின் பெயரில் நறுமணங்கள் செய்வதையும் வடித்தலையும் பற்றிய ஒரு நூல் உண்டு. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் விளக்கப்பட்டுள்ளன. பன்னீரும் வாசனை எண்ணெய்களும் வடித்து எடுக்கப்பட்டது இந்தக் கலையால்தான். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்களில், உப்பிட்டுக் கொதிக்க வைத்த மதுவிலிருந்து எழும் ஆவி, குப்பியின் வாயில் தீப்பற்றுவது பற்றிய குறிப்பு உண்டு.

ஆயினும், அந்த ஆவியைக் குளிர்வித்துப் பெற்ற திரவத்திற்கு அவர்கள் எவரும் 'அல்-குஹ்ல்' என்று பெயரிடவில்லை. எரியக்கூடிய மதுச்சாரத்தை வடிக்கும் தெளிவான செய்முறைகள் 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ நகர மருத்துவர்களின் நூல்களில் காணப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் தாதேயோ அல்தெரோத்தி என்பவர், வளைகுழாயை நீரால் குளிர்வித்து, திரும்பத் திரும்ப வடித்துச் சாரத்தின் வலிமையைக் கூட்டும் முறையை விளக்கினார். அவர்கள் அதை 'எரிநீர்' என்றும் 'உயிர்நீர்' என்றும் பொருள்படும் இலத்தீன் பெயர்களால் அழைத்தனர்.

ஆக, கருவியும் கலையும் பெருமளவு அரபு உலகின் கொடை. சொல்லின் வேரும் அரபியே. அந்தச் சொல்லை அந்தத் திரவத்தோடு சேர்த்து வைத்தது ஐரோப்பா. இவ்வளவே நாம் உறுதியாகச் சொல்லக் கூடியது. இதுவே போதிய பெருமைதான்.

'அல்-கவ்ல்' என்னும் விளக்கம்

இன்னொரு விளக்கமும் நம்மிடையே உலவுகிறது. திருக்குர்ஆனின் 37ஆம் அத்தியாயம் 47ஆம் வசனம், சுவனத்தின் பானத்தைப் பற்றிப் பேசும்போது, அதில் 'கவ்ல்' இராது என்கிறது. கவ்ல் என்பதற்குக் கேடு, தலைவலி, அறிவை மயக்குவது என்று விரிவுரையாளர்கள் பொருள் சொல்வர். ஆல்கஹால் என்ற சொல் இந்த 'அல்-கவ்ல்' என்பதிலிருந்தே வந்தது என்று சிலர் எழுதுகின்றனர். ஓசையும் பொருளும் பொருந்துவதால் இந்த விளக்கம் கேட்போரைக் கவர்கிறது.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். அறிவை மயக்கும் பொருளின் பெயராகவே இச்சொல் ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தால், அங்கே அது ஏன் முதலில் கண்மைத் தூளைக் குறித்தது? ஏன் பல நூற்றாண்டுகள் எல்லா வகை நுண்தூளுக்கும் பெயராக நின்றது? இக்கேள்விக்கு அந்த விளக்கத்தில் விடையில்லை. குஹ்ல் என்னும் வேரைக் கொண்டால் ஒவ்வொரு படியும் தெளிவாக விளங்குகிறது. கண்மை, பின் தூள், பின் நுண்சாரம், பின் மதுவின் நுண்சாரம் என்ற வரிசை எழுத்துச் சான்றுகளோடு பொருந்துகிறது. வசனத்தின் உயர்வு இத்தகைய சொல்லாராய்ச்சியால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

ஒன்று பலவான வரலாறு

லவாய்சியர் காலத்தில் ஆல்கஹால் என்பது ஒரே திரவத்தின் பெயர். இன்று எத்தனால் என்று நாம் அழைக்கும் மதுச்சாரமே அது. சர்க்கரை நொதிக்கும்போது உண்டாவது. அந்நிலை 19ஆம் நூற்றாண்டில் மாறியது.

மரத்தைக் காற்றுப்படாமல் சூடாக்கினால் ஒரு திரவம் வடியும். ராபர்ட் பாயில் 1661ஆம் ஆண்டிலேயே அதைக் குறித்திருந்தார். தமிழ்ப் பாடநூல்கள் அதை 'மரச்சாராயம்' என்றன. 1834ஆம் ஆண்டு டூமா, பெலிகோ என்னும் இரு பிரெஞ்சு வேதியியலார் அதன் இயைபை ஆராய்ந்தனர். மதுச்சாரத்தின் வேதி நடத்தையும் மரச்சாராயத்தின் வேதி நடத்தையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தன. இதுவே இன்று மெத்தனால் எனப்படுகிறது.

அதற்கு முன்பே, 1817ஆம் ஆண்டில், செவ்ரூல் என்பவர் திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைக்கும் மெழுகிலிருந்து ஒரு வெண்ணிறத் திண்மத்தைப் பிரித்திருந்தார். அதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று டூமாவும் பெலிகோவும் 1836ஆம் ஆண்டில் காட்டினர். அப்பொருளே இன்றைய களிம்புகளின் உறையில் காணப்படும் சீட்டைல் ஆல்கஹால். 1854ஆம் ஆண்டில் பெர்த்தலோ, கொழுப்பிலிருந்து கிடைக்கும் கிளிசரினும் ஒரு வகை ஆல்கஹாலே என்று நிறுவினார்.

இவ்வாறு ஒரு திரவத்தின் தனிப்பெயர் ஒரு குலத்தின் பொதுப்பெயராயிற்று. அக்குலத்துக்கு இன்று வேதியியல் தரும் இலக்கணம் எளியது. ஒரு கார்பன் அணுவோடு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணை, பிணைந்திருக்க வேண்டும். அந்தக் கார்பன், பென்சீன் போன்ற வளையத்தின் உறுப்பாகவோ இரட்டைப் பிணைப்பு உடையதாகவோ இருத்தல் கூடாது. இந்த அமைப்பு இருந்தால் அது ஆல்கஹால். போதை தருமா, நஞ்சாகுமா, இனிக்குமா என்பதெல்லாம் இந்த இலக்கணத்தில் இல்லை.

'ஆல்' என்னும் ஈறு

1892ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் கூடிய வேதியியலார், கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடும் முறையை ஒழுங்குபடுத்தினர். ஆல்கஹால் குலத்தைச் சேர்ந்தவற்றின் பெயர் 'ஆல்' என்று முடிய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று. மெத்தனால், எத்தனால், புரோப்பனால் என்பவை அவ்வாறு அமைந்தவை. கண்மையின் பெயராகப் பிறந்த சொல்லின் கடைசி அசை இவ்வாறு ஆயிரக்கணக்கான பொருள்களின் பெயர்களில் முத்திரையாகப் பதிந்தது.

நம் இரத்தப் பரிசோதனைத் தாளில் காணும் கொலஸ்ட்ரால் அவற்றுள் ஒன்று. பித்தக்கல்லிலிருந்து கிடைத்த அப்பொருளுக்குச் செவ்ரூல் இட்ட பெயர் 'கொலஸ்ட்ரின்'. 1859ஆம் ஆண்டில் பெர்த்தலோ அது ஆல்கஹால் குலத்தது என்று காட்டியபின் பெயரின் ஈறு மாறியது. ஆகவே வேதியியல் மொழியில் பேசினால், மதுவை முகர்ந்தும் பாராத ஒருவரின் இரத்தத்திலும் ஓர் ஆல்கஹால் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண் பார்வைக்கு இன்றியமையாத வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம் ரெட்டினால். தைலங்களில் குளிர்ச்சி தருவது மென்தால். நீரிழிவு நோயாளர்க்கான இனிப்புகளில் சேர்வது சார்பிட்டால். இவை எல்லாம் ஆல்கஹால் குலத்தவையே. இவற்றுள் எதுவும் மது அன்று.

அதேபோல் 'ஆல்' என்று முடிவதெல்லாம் ஆல்கஹாலும் அன்று. பெட்ரோல் என்பதன் ஈறு எண்ணெய் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாராசிட்டமாலின் ஈறு பீனால் என்னும் வேறு குலத்திலிருந்து வந்தது. பெயரின் ஓசையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

குலம் ஒன்று, குணம் வேறு

இதுவரை சொன்னவை அறிவுக்கு விருந்து. இனிச் சொல்லப் போவது உயிர் சம்பந்தப்பட்டது.

மெத்தனாலும் எத்தனாலும் பார்வைக்கு ஒன்றே. இரண்டும் நிறமற்றவை. வாசனையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே ஒரு கார்பன் அணுவே வேற்றுமை. ஆனால் மெத்தனால் உடலுக்குள் சென்றால், கல்லீரலின் நொதிகள் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அந்த அமிலம் உயிரணுக்கள் மூச்சுவிடும் முறையையே முடக்குகிறது. முதலில் தாக்கப்படுவது பெரும்பாலும் கண் நரம்பு. ஓரிரு தேக்கரண்டி அளவே ஒருவரைக் குருடாக்கப் போதுமானது. மேலும் சற்றுக் கூடினால் மரணம். கண்ணுக்கு அழகூட்டிய பொருளின் பெயரைத் தாங்கிய குலத்தில் பிறந்த ஒன்று, கண்ணையே பறிக்கிறது.

2023ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் மெத்தனால் கலந்த சாராயம் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் அதே நஞ்சால் மாண்டனர். ஒரே நாளில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் உண்டு. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். குடித்தவர்தானே என்று கைகழுவி விடும் மனம் நமக்கு வேண்டாம். அவர்களுடைய பிள்ளைகள் எதையும் குடிக்கவில்லை.

மது அருந்தாத சமூகத்தையும் இந்தச் சொல் ஏமாற்றியதுண்டு. 2020ஆம் ஆண்டில் ஈரானில், ஆல்கஹால் கொரோனாக் கிருமியைக் கொல்லும் என்ற செய்தி திரிந்து, அதைக் குடித்தால் நோய் வராது என்ற வதந்தியாகப் பரவியது. கள்ளச் சந்தையில் கிடைத்த மெத்தனாலைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். தோலின் மேல் கிருமியைக் கொல்லும் பொருள் குடலுக்குள் மருந்தாகாது என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில், கைத்தூய்மிகள் சிலவற்றிலேயே மெத்தனால் கலந்திருப்பதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

எவரேனும் மெத்தனாலை அருந்திவிட்டதாக ஐயம் எழுந்தால், தலைவலி, வயிற்றுவலி, பார்வை மங்கல் ஆகியவை பல மணி நேரம் கழித்தே தோன்றலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்' என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெட்கமும் அச்சமும் காரணமாக உண்மையை மருத்துவரிடம் மறைப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். உரிய நேரத்தில் சேர்த்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் காப்பாற்றக் கூடும்.

ஒரு சொல்லின் பேரில் நடந்த வழக்கு

அரபியிலிருந்து சென்ற இன்னொரு சொல்லான இக்ஸீரின் கதையும் இதனோடு தொடர்புடையது. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு நிறுவனம், தொண்டைப் புண்ணுக்கான சல்ஃபா மருந்தை இனிப்பான திரவமாக்கி 'எலிக்சிர்' என்ற பெயரில் விற்றது. மருந்தைக் கரைக்க அவர்கள் பயன்படுத்தியது டைஎத்திலீன் கிளைக்கால். இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட, இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் திரவம் அது. விற்பனைக்கு முன் நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

சோதிக்காமல் மருந்து விற்பதைத் தடுக்கும் சட்டம் அன்று அங்கே இல்லை. அதிகாரிகளுக்குக் கிடைத்த ஒரே பிடி அந்தச் சொல்தான். எலிக்சிர் என்றால் எத்தனால் கலந்த மருந்து என்பது அன்றைய பொருள். இம்மருந்தில் எத்தனால் இல்லை. எனவே பொய்ப்பெயரிட்ட குற்றம் சாட்டியே சரக்கைப் பறிமுதல் செய்தனர். 1938ஆம் ஆண்டு புதிய சட்டம் வந்தது.

பாடம் முழுமையாகக் கற்கப்பட்டதா என்றால் இல்லை. 2022ஆம் ஆண்டில் காம்பியா நாட்டில், இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளில் இந்நச்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அங்கே 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தனர். 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இதே நஞ்சுள்ள இருமல் மருந்தால் மாண்டனர். அந்த மருந்து தயாரானது தமிழகத்தில் என்பது நம்மைத் தலைகுனிய வைக்கும் செய்தி. சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் இருமல் மருந்து வாங்கிக் கொடுப்பதைத் தாய்மார்கள் அறவே விட வேண்டும்.

சுர்மா பற்றி ஒரு சொல்

இனி மூலச் சொல்லுக்கே வருவோம். கடைகளில் இன்று சுர்மா என்ற பெயரில் கிடைப்பது எல்லாம் ஆண்டிமனிக் கல்லன்று. காரீயக் கல்லும் அதே கறுப்பு, அதே பளபளப்பு உடையது. ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட சுர்மாக்கள் பலவற்றில் ஈயக் கந்தகமே மிகுதியாக இருந்தது. பெயர் குஹ்ல், உள்ளே இருப்பது ஈயம்.

கண்ணில் இட்ட மையைக் குழந்தை கையால் தேய்க்கும். அந்தக் கையை வாயில் வைக்கும். இவ்வழியே ஈயம் உடலில் சேரும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் ஈயம் கலந்த கண்மைகளை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை உண்டு. நபிமொழியில் வரும் இஸ்மித் என்று நம்பி, வேறொன்றை நம் குழந்தைகளின் கண்ணில் தீட்டுவது அந்த வழிமுறையைப் பேணுவதாகுமா? உட்பொருள் தெரியாத மையைக் குழந்தைகளுக்கு இடாதிருப்பதே நல்லது.

நாம் பெற வேண்டியது

மருந்திலும் தூய்மியிலும் ஆல்கஹால் பயன்படுவது குறித்து ஆலிம்கள் ஆராயாமல் இல்லை. 2002ஆம் ஆண்டு மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, மாற்று இல்லாதபோது தயாரிப்புக்குத் தேவையான அளவு ஆல்கஹால் சேர்ந்த மருந்துகளையும், காயத்தைத் தூய்மை செய்யவும் கிருமியைக் கொல்லவும் வெளிப்பூச்சாகவும் ஆல்கஹாலையும் பயன்படுத்த இடமளித்தது. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டி நூலிலும் சமய நம்பிக்கைகள் பற்றிய இந்தக் கேள்வி விவாதிக்கப்பட்டது. நறுமணப் பொருள்கள் போன்றவற்றில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவரவர் தாம் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். கேட்கும்போது 'ஆல்கஹால் கலந்தது' என்று மட்டும் சொல்லாமல், உறையில் உள்ள முழுப் பெயரையும் காட்டிக் கேட்டால் விடை செம்மையாக அமையும். சீட்டைல் ஆல்கஹால் என்னும் மெழுகைப் பற்றிய கேள்வி வேறு, எத்தனால் பற்றிய கேள்வி வேறு. சீட்டைல் ஆல்கஹால் விஷயத்தில் அது தாவர எண்ணெயிலிருந்து எடுத்ததா, விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வியாக இருக்கும்.

ஜமாஅத்தார் அனைவரிடமும் நாம் வேண்டுவது இவ்வளவே. பூசுவதாயினும் உண்பதாயினும் உறையில் உள்ள பெயர்களைப் படிக்கப் பழகுவோம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, பள்ளியில் வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். மெத்தனால் என்ற சொல் எழுதிய குப்பி தொழிற்கூடங்களிலோ வண்ணப்பூச்சுக் கடைகளிலோ இருந்தால், பணியாளர் அனைவரும் அறியும்படி எச்சரிக்கையைத் தமிழில் எழுதி ஒட்டுவோம். குடிப்பழக்கத்தில் சிக்கிய அண்டை வீட்டாரை வெறுத்து ஒதுக்காமல், மீட்பு மருத்துவத்திற்கு அனுப்பத் துணை நிற்போம்.

அரபுச் சொல் ஒன்று உலக மொழிகளில் எல்லாம் ஒலிக்கிறது என்று மகிழ்வதில் தவறில்லை. கண் நோய்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு வகைப்படுத்திய கஹ்ஹால்களின் மரபுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை, பொருளை அறிந்து பெயரைச் சொல்வதும், பெயரைப் படித்துப் பொருளை அறிவதும் ஆகும். அந்தத் தெளிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.